மாட்டின் வயிற்றில் அம்மோனியா: எங்கே உருவாகிறது, யார் அதைக் கட்டுப்படுத்துகிறார்கள்? முழுமையான வழிகாட்டி

400 கிலோ எடையுள்ள கறவை மாடு, நாளெல்லாம் தின்னும் தீவனத்தில் சீராகக் கலந்திருக்கும் 100 கிராம் யூரியாவைச் சிக்கல் இல்லாமல் புரதமாக மாற்றிக்கொள்ளும். யூரியா பழகாத அதே எடை மாடு 120 முதல் 200 கிராம் வரை ஒரே நேரத்தில் தின்றுவிட்டால் நஞ்சு எல்லைக்குள் வந்துவிடும். 400 கிராமைத் தொட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

100-க்கும் 120-க்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. ஒன்றைப் பாலாகவும் இன்னொன்றை நஞ்சாகவும் ஆக்குவது வேகம். வயிற்றில் யூரியா உடைந்து அம்மோனியா எவ்வளவு வேகமாக வெளிப்படுகிறது, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விஷயமே. செரிமானப் பாதையின் ஒவ்வொரு உறுப்பும் இந்த வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. தீவனத்தில் இருக்கும் நைட்ரஜன் வாயில் நுழைவதிலிருந்து பாலிலோ சிறுநீரிலோ வெளியேறும் வரை படிப்படியாகப் பின்தொடர்ந்தால் இது புரியும். முக்கியமாக மாட்டை வைத்துச் சொல்கிறேன். மற்ற விலங்குகளைப் பின்னால் பார்க்கலாம்.

படி 1: மூட்டையில் எழுதியிருக்கும் புரதத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஆய்வகத்தில் தீவனத்தின் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் இந்தக் கணக்கு. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அதே பெருக்கலைப் போட்டால் 287 சதவீதம் ‘புரதம்’ என்று வரும்! யூரியாவில் ஒரு துளி புரதம்கூடக் கிடையாது. எனவே மூட்டையில் ‘கச்சாப் புரதம் 20 சதவீதம்’ என்றிருந்தால் அதில் எவ்வளவு உண்மைப் புரதம், எவ்வளவு யூரியா போன்ற புரதமல்லாத நைட்ரஜன் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

உண்மைப் புரதத்திலும் இரண்டு வகை உண்டு: வயிற்றில் சீக்கிரம் கரைந்து உடைவது, உடையாமல் தப்பிக் குடலுக்குப் போவது. கடலைப்புண்ணாக்கு வேகமாக உடையும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் அதைவிட மெதுவாக உடையும். மீன்தூள் இன்னும் மெதுவாக. இளம் பசும்புல்லிலும் பயறுவகைத் தீவனத்திலும் இருக்கும் நைட்ரஜன் சட்டென்று வெளிப்படும்.

படி 2: ரூமன், அம்மோனியா பிறக்கும் இடம்

மாட்டின் இடப்பக்க வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும் முதல் அறைதான் ரூமன். பெரிய மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். வெப்பம் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அந்த நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்களும், லட்சக்கணக்கில் புரோட்டோசோவாக்களும் வாழ்கின்றன. மாடு தின்னும் தீவனத்தை முதலில் தின்பது இவைதான்.

பாக்டீரியாக்கள் புரதத்தைப் பெப்டைடுகளாகவும், பெப்டைடுகளை அமினோ அமிலங்களாகவும் வெட்டுகின்றன. அப்புறம் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிடுகின்றன. கழன்று வருவதுதான் அம்மோனியா. மீதிக் கார்பன் பகுதி கொழுப்பு அமிலங்களாக மாறி மாட்டுக்குச் சக்தியாகிறது. வேலின், லியூசின் போன்றவை உடையும்போது கிடைக்கும் கிளைச்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள், நார்ச்சத்தைச் செரிக்கும் பாக்டீரியாக்களுக்குத் தேவையான ஊட்டம்.

இந்த வேலையைப் பல இனங்கள் ஓரளவுக்குச் செய்தாலும், எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்துகொண்டு அம்மோனியாவை அள்ளிக்கொட்டும் தனிக்கூட்டம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரஸ்ஸலின் குழு 1980-களின் இறுதியில் இவற்றைப் பிரித்தெடுத்தது. மோனென்சின் என்ற மருந்து இவற்றை அடக்குகிறது. அந்த மருந்தைச் சேர்த்தால் புரதம் வீணாவது குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். புரோட்டோசோவாக்களின் கதை வேறு. அவை பாக்டீரியாக்களையே விழுங்கிச் செரித்து, அந்த நைட்ரஜனில் ஒரு பங்கை மறுபடி அம்மோனியாவாகவே வெளியே விடுகின்றன. கட்டிய சுவரை இடித்துக் கட்டும் வேலைதான்.

யூரியா வந்தால் வழி இன்னும் குறுகியது. யூரியேஸ் என்ற நொதி ஒரு யூரியா மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாகவும் ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் பிளந்துவிடும். இந்த நொதியை மாட்டின் உடல் தயாரிப்பதில்லை. முழுக்க நுண்ணுயிர்களின் சொத்து. அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு கொட்டையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் 1926-ல் படிகமாக்கியது இந்த யூரியேஸைத்தான். உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அது. 1946-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பச்சை சோயாவிலும் இந்த நொதி நிறைய இருப்பதால், வறுக்காத சோயாவையும் யூரியாவையும் ஒரே தீவனத்தில் கலக்கக் கூடாது.

யூரியா உடைய நிமிடங்கள் போதும். அதனால் யூரியா தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரூமனில் அம்மோனியா உச்சத்துக்குப் போய்விடும்.

படி 3: பிடித்துக்கொள்பவர்கள்

அம்மோனியாவை உண்டாக்கும் அதே நுண்ணுயிர்கள்தான் அதை எடுத்துப் புது அமினோ அமிலம் செய்து தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. வைக்கோலையும் தட்டையையும் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு அம்மோனியாதான் முதன்மையான நைட்ரஜன் உணவு. அம்மோனியா தாராளமாக இருந்தால் குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி வழியாக எடுத்துக்கொள்கின்றன. இந்த வழிக்குச் சக்திச் செலவு குறைவு. பற்றாக்குறை வந்தால் குளூட்டமின் சிந்தெடேஸ் வழிக்கு மாறுகின்றன. சக்தி கூடுதலாகச் செலவானாலும் கொஞ்சநஞ்ச அம்மோனியாவையும் இந்த வழி விடாமல் பிடிக்கும்.

இந்த நுண்ணுயிர்கள் ரூமனிலிருந்து வழிந்து, அமிலம் சுரக்கும் நான்காம் அறையான அபோமேசத்துக்கும் அங்கிருந்து சிறுகுடலுக்கும் போய்ச் செரிக்கப்படுகின்றன. குடலில் மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் வழக்கமாகப் பாதிக்கு மேல் இந்த நுண்ணுயிர்களின் உடல்தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பின்லாந்தின் ஆர்ட்டுரி விர்ட்டானன் காட்டினார். 1945-ல் வேதியியல் நோபல் பெற்றவர். புரதமே இல்லாத சுத்திகரித்த தீவனத்தில், யூரியாவும் அம்மோனியம் உப்புகளும் மட்டுமே நைட்ரஜனாக வைத்து மாடுகளை வளர்த்தார். அவை பால் கறந்தன. 1966-ல் சயன்ஸ் இதழில் அது வெளியானது. அதிகப் பால் தரும் மாட்டுக்கு இந்த முறை போதாது என்பது உண்மை. ஆனால் ‘யூரியாவில் எங்கே சத்து இருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது.

பிடிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது சக்தி. மாவுச்சத்தோ சர்க்கரையோ அதே நேரத்தில் நொதித்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் வைக்கோலோடு யூரியா கொடுத்தால் வீணாவதற்குக் காரணம், வைக்கோல் மணிக்கணக்கில் மெதுவாக நொதிக்க, யூரியா நிமிடக்கணக்கில் உடைந்துவிடுவதுதான். இரண்டாவது கந்தகம். சில அமினோ அமிலங்களுக்குக் கந்தகம் தேவை. 10 முதல் 15 பங்கு நைட்ரஜனுக்கு ஒரு பங்கு கந்தகம் இருக்க வேண்டும். யூரியாவில் கந்தகம் இல்லை என்பதால் தாது உப்புக் கலவை வழியாகத்தான் அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு அம்மோனியா போதும்? சாட்டர், ஸ்லைட்டர் இருவரும் 1974-ல் செய்த ஆய்வில், ரூமன் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வந்ததும் நுண்ணுயிர் வளர்ச்சி உச்சத்தைத் தொட்டது. அதற்கு மேல் சேர்த்ததால் புரதம் கூடவில்லை. வைக்கோல் போன்ற கடினத் தீவனத்துக்கு இதைவிட அதிக அளவு நல்லது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொன்னாலும், ஓர் எல்லைக்கு மேல் கொட்டுவது வீண் என்ற அடிப்படை மாறவில்லை.

படி 4: சுவரைத் தாண்டுவதை அமிலத்தன்மை தீர்மானிக்கிறது

பிடிபடாத அம்மோனியா ரூமன் சுவர் வழியாக இரத்தத்துக்குப் போகும். என்னைக் கேட்டால், மாடு வளர்ப்பவர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல் இந்த ஓர் இடம்தான்.

நீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும். ஒன்று, மின்னூட்டம் இல்லாத அம்மோனியா. கொழுப்புச் சவ்வை எளிதில் ஊடுருவும். இன்னொன்று, ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்ட அம்மோனியம். இது சவ்வைச் சட்டென்று தாண்டாது. அயனி வாய்க்கால்கள் வழியாக மெல்ல மெல்லத்தான் போகும். எந்த உருவம் எவ்வளவு என்பதை pH என்று குறிக்கும் அமிலத்தன்மை அளவீடு முடிவு செய்கிறது (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). அளவீடு 6 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஊடுருவும் அம்மோனியா. 7 என்றால் நூற்றில் ஒன்று. 8 என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று.

நன்றாகத் தின்று நொதித்துக்கொண்டிருக்கும் ரூமன் 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். அம்மோனியா அம்மோனியமாக அடைபட்டுக் கிடக்கும். பட்டினி கிடந்த மாட்டில் இந்த அளவீடு 7-ஐ நெருங்கியோ தாண்டியோ இருக்கும். அங்கே யூரியா விழுந்தால், உடைந்து வரும் அம்மோனியா தானே ஒரு காரம் என்பதால் அளவீட்டை இன்னும் மேலே தள்ளும். மேலே போகப் போக ஊடுருவும் பங்கு பெருகும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும் இந்தச் சுழல்தான் யூரியா நஞ்சின் மூலம். வெறும் வயிற்று மாட்டுக்கு யூரியா கொடுக்கக் கூடாது என்ற பழைய அறிவுரைக்கும் காரணம் இதுவே.

படி 5: கல்லீரல்

வயிற்றிலும் குடலிலும் இருந்து வரும் இரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே இரண்டு சல்லடைகள் அடுத்தடுத்து இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நுழைவாயில் பக்கத்துச் செல்கள் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுகின்றன. அவற்றிடம் தப்பியதை, வெளிவாயில் பக்கத்துச் செல்கள் குளூட்டமினாகக் கட்டிவிடுகின்றன. நலமான கல்லீரலைத் தாண்டிப் பொது இரத்தத்துக்குப் போகும் அம்மோனியா மிகச் சொற்பம்.

முதல் சல்லடையின் வழிமுறையை ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்ஸலைட்டும் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் 1932-ல் கண்டுபிடித்தார்கள். ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் அம்மோனியாவை ஏற்றுச் சிட்ருலின் ஆகிறது. அது அஸ்பார்டிக் அமிலத்திடமிருந்து இன்னொரு நைட்ரஜனைப் பெற்று, இடைநிலை ஒன்றைக் கடந்து ஆர்ஜினின் ஆகிறது. ஆர்ஜினினிலிருந்து யூரியா கழன்றதும் மறுபடி ஆர்னிதின். இப்படியே சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் உடல் சக்தி செலவாகிறது. ஆக, புண்ணாக்கை அளவுக்கு மேல் வைத்தால் காசு மட்டும் போகவில்லை, பாலுக்குப் போயிருக்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கும் போகிறது.

கன்று ஈன்ற புதிதில் கவனம் வேண்டும். அந்த வாரங்களில் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் படியும். கொழுப்பு படிந்த கல்லீரல் செல்களின் யூரியா தயாரிக்கும் திறன் குறையும். நேற்றுவரை தாங்கிய தீவனத்தை இன்று அந்த மாட்டால் தாங்க முடியாமல் போகலாம்.

படி 6: திரும்பி வரும் யூரியா

கல்லீரல் செய்த யூரியா முழுவதும் சிறுநீரில் போய்விடும் என்று நினைப்பது இயல்பு. மாட்டில் அப்படி இல்லை. அதில் கணிசமான பங்கு, சில நிலைகளில் பாதிக்கு மேலேயே, உமிழ்நீர் வழியாகவும் ரூமன் சுவர் வழியாகவும் செரிமானப் பாதைக்கே திரும்புகிறது. பெரிய மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். அதோடு யூரியாவும் இறங்கும். ரூமன் சுவரில் யூரியாவுக்கென்றே கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. சுவரில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை உடனே உடைத்துவிடும்.

இந்தக் கதவு எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. ரூமனில் அம்மோனியா ஏற்கெனவே மிகுந்திருந்தால் யூரியா உள்ளே வருவது குறையும். நொதிக்கும் மாவுச்சத்து இருந்தால் கூடும். தீவனத்தில் புரதம் குறைந்தால் சிறுநீரகம் யூரியாவை வெளியே விடாமல் பிடித்துத் திருப்பி அனுப்பும். ஒட்டகத்தில் இது உச்சத்தில் இருப்பதை ஷ்மிட்-நீல்சன் குழு 1957-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வறண்ட தீவனத்தில் இருந்த ஒட்டகத்தின் சிறுநீரில் யூரியா மிகச் சொற்பம்.

கோடையில் காய்ந்த தட்டையை மட்டும் தின்று மாடு உயிர்வாழ்வது இந்தச் சுழற்சியால்தான்.

படி 7: பெருங்குடல்

சீக்கிரம் கடந்துவிடலாம். இங்கேயும் நுண்ணுயிர்கள் அம்மோனியா செய்கின்றன, அதைப் பிடித்து வளரவும் செய்கின்றன. ஆனால் செரித்து உறிஞ்சும் சிறுகுடல் இதற்கு முன்பே முடிந்துவிட்டதால், வளர்ந்தவை சாணத்தோடு போய்விடும்.

மற்ற விலங்குகளில்

குதிரைக்கு நொதிப்பு பெரும்பாலும் பின்குடலில் என்பதால் நுண்ணுயிர்ப் புரதத்தின் பெரும்பங்கு வீணாகிறது. முயல் இதற்கு வழி கண்டிருக்கிறது. பின்குடலில் உருவாகும் மென்மையான உருண்டைகளை ஆசனவாயிலிருந்தே வாங்கித் தின்று, நுண்ணுயிர்ப் புரதத்தை இரண்டாம் முறை செரித்துக்கொள்கிறது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை நேரடியாக நீரில் விட்டுவிடும். கோழி நைட்ரஜனை யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. கோழிக்கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் நெடி கோழியின் வயிற்றில் பிறந்ததல்ல. ஈரமான எருவில் பாக்டீரியாக்கள் யூரிக் அமிலத்தை உடைப்பதால் வருவது.

பூனைதான் இதில் விசித்திரம். யூரியா சுழற்சிக்குத் தேவையான ஆர்னிதினைப் போதுமான அளவு தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை, உணவில் வரும் ஆர்ஜினினையே நம்பியிருக்கிறது. ஆர்ஜினின் இல்லாத உணவு ஒரே ஒரு வேளை போதும், சில மணி நேரத்தில் அம்மோனியா நஞ்சு வந்துவிடும் என்று மோரிஸும் ராஜர்ஸும் 1978-ல் நிரூபித்தார்கள். நாய்களில் பிறவியிலேயே போர்ட்டல் சிரை கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் குறை சிலவற்றுக்கு உண்டு. குடல் அம்மோனியா நேரே மூளைக்குப் போவதால் சாப்பிட்டதும் தள்ளாடும், சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். மருத்துவர்கள் கொடுக்கும் லாக்டுலோஸ், பெருங்குடலை அமிலமாக்கி அம்மோனியாவை அம்மோனியமாக அடைத்துவைக்கிறது. படி 4-ன் அதே வேதியியல்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

முதலில் வைக்கோல். நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் 3, 4 சதவீதம்தான். மொத்தத் தீவனத்தில் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் ரூமன் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். மாடு தின்பதும் குறையும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். வைக்கோலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ், யூரியாவை அங்கேயே அம்மோனியாவாக்கும். அது நார்க் கட்டுகளைத் தளர்த்தும், புரத அளவையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். எடுத்ததும் சில மணி நேரம் காற்றாட விட்டு, நெடி தணிந்த பிறகு கொடுங்கள். யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து.

தீவனத்தில் நேரடியாகக் கலப்பதானால், மாடு தின்னும் மொத்த உலர் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். பதப்படுத்திய வைக்கோல், கம்பெனித் தீவனம், யூரியா-மொலாசஸ் (கரும்பாலைக் கழிவுப்பாகு) நக்குக் கட்டி எல்லாவற்றில் இருப்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. பழக்க இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி முழு அளவில் தொடங்காதீர்கள், பழக்கம் சீக்கிரம் விட்டுப்போகும். கழுநீரில் கரைத்துக் கொடுப்பது கூடவே கூடாது. ரூமன் முழுதாக வளராத கன்றுகளுக்கும் கூடாது. தேசியப் பால்வள வாரியம் பரப்பிய நக்குக் கட்டிகள் இந்த விஷயத்தில் நல்ல யோசனை. மாடு நக்கி நக்கித்தான் தின்ன முடியும் என்பதால் வேகம் தானாகவே குறைகிறது, கூடவே மொலாசஸின் சர்க்கரையும் போகிறது. மழையில் நனைந்து கரைந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மாவுச்சத்து வேண்டும் என்றேன் அல்லவா, அதற்காகப் பழைய சோற்றைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். அளவுக்கு மிஞ்சிய சோறு ரூமனை அமிலமாக்கிக் கொல்லும். தவிடும் உடைத்த தானியமும் நாளில் மூன்று நான்கு முறையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

சமநிலை சரியா என்று பாலே சொல்லிவிடும். 100 மில்லிலிட்டர் பாலில் யூரியா நைட்ரஜன் 10 முதல் 14 மில்லிகிராம் என்றால் நல்லது. 20-ஐ நெருங்கினால் நைட்ரஜன் வீணாகிறது. சினை பிடிப்பதும் குறையலாம். இந்த அளவை 2.14 ஆல் பெருக்கினால் பாலின் யூரியா அளவு கிடைக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் பாலின் யூரியாவுக்கு உள்ள வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராம். தீவனக் கோளாறால் மட்டும் ஒரு மாட்டின் பால் அதை எட்டுவது அரிது.

யூரியாவை அதிகமாகத் தின்றுவிட்டால்

20 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தெரியும். வாயில் நுரை, பல்லைக் கடித்தல், முகத்திலும் காதிலும் தசைத் துடிப்பு, வயிறு உப்புசம், மூச்சு வாங்குதல், தள்ளாட்டம், பிறகு வலிப்பு. ஆட்டில் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம்.

கால்நடை மருத்துவரை அழைத்துக்கொண்டே தயாராக வேண்டியவை இரண்டு: வினிகர், குளிர்ந்த நீர். வளர்ந்த மாட்டுக்கு 5 சதவீத அசெட்டிக் அமிலம் உள்ள சமையல் வினிகர் 2 முதல் 8 லிட்டர் வரை, ஆட்டுக்கு அரை லிட்டர் முதல் 2 லிட்டர் வரை. ஆய்வகங்களில் விற்கும் அடர் அமிலத்தை அப்படியே கொடுத்தால் தொண்டை வெந்துவிடும். வினிகர் ரூமனின் pH அளவீட்டைக் கீழே இறக்கி, அம்மோனியாவைச் சுவர் தாண்டாத அம்மோனியமாக மாற்றுகிறது. கூடவே மாட்டுக்கு 40 லிட்டர் வரை குளிர்ந்த நீர் கொடுப்பார்கள். வெப்பம் இறங்கினால் யூரியேஸ் மந்தமாகும், உள்ளிருப்பதும் நீர்த்துப் போகும்.

வலிப்பு வந்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நிலையில் மருத்துவர் குழாய் விட்டுத்தான் கொடுக்க வேண்டும். மாடு எழுந்து நின்றுவிட்டது என்று அவிழ்த்துவிடவும் வேண்டாம். ரூமன் மறுபடி சூடேறியதும் மீதமிருக்கும் யூரியா உடையத் தொடங்கி, அறிகுறிகள் திரும்பக்கூடும். ஒரு நாள் முழுக்கக் கண்பார்வையில் வைத்து, தேவைப்பட்டால் வினிகரைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.